சென்னை வார்டு பகுதி சபைக் கூட்டம்: எதைக் கொண்டுபோனால் வேலை நடக்கும்?

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்பதற்கெல்லாம் பகுதி சபை (வார்டின் ஒரு பகுதியில் உள்ள வாக்காளர்களின் கூட்டம்) கூடும்வரை காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்துக் கம்ப எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லிப் புகார் எண் வாங்கினால் போதும். எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டுச் செய்யவேண்டிய வேலைகளுக்குத்தான் பகுதி சபை. புது மழைநீர் வடிகால், சாலை மறுசீரமைப்பு, பூங்கா, பொதுக் கழிப்பறை எல்லாம் அந்த வகை. இந்த வித்தியாசம் தெரியாமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

மாநகராட்சியில் 200 வார்டுகள். 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் 10 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் சபை உறுப்பினர்கள். முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில் நடந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். ரிப்பன் மாளிகையில் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில் கவுன்சிலர்தான் பேசமுடியும், குடிமக்கள் பேசமுடியாது. கவுன்சிலரையும் வார்டு உதவிப் பொறியாளரையும் (ஏ.இ.) எதிரில் வைத்து நாமே பேசக்கூடிய இடம் பகுதி சபை. அந்த ஒரு காரணத்துக்காகவே போகவேண்டும்.

போவதற்கு முன் பிரச்சினை யாருடையது என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. பாதிக் கோரிக்கைகள் இங்கேதான் செத்துப்போகின்றன. சாலையோரம் சிமென்ட் பலகை மூடிய கால்வாய் மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது. சாலை நடுவே வட்ட மூடியோடு இருப்பது கழிவுநீர் மேன்ஹோல், அது மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்துடையது. மேன்ஹோல் பொங்குவதை ஏ.இ.யிடம் சொன்னால் ‘மெட்ரோ வாட்டரிடம் சொல்லுங்கள்’ என்றுதான் பதில் வரும், அது சரியான பதிலும்கூட. வாரியத்துக்கு 1916 என்ற எண் இருக்கிறது. இரண்டாவது சனிக்கிழமை தோறும் பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டமும் நடக்கிறது.

சிக்கலானது நடுவில் நிற்கும் கேஸ். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடி நாறுகிறது என்றால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருக்கிறார்கள், அல்லது அருகிலுள்ள கழிவுநீர்க் குழாய் உடைந்து கசிகிறது. இதை ஒரு துறையால் மட்டும் தீர்க்கமுடியாது. ‘இரு துறையும் சேர்ந்து ஆய்வு செய்யவேண்டும்’ என்று எழுத்தில் கேட்டு, தேதியையும் அங்கேயே கேட்டு வாங்கவேண்டும். அண்ணா சாலை போன்ற நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளைப் பற்றிய கோரிக்கையில் அந்தத் துறையின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் மனு மாநகராட்சி மண்டல அலுவலகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மனு ஒரு பக்கம், ஒரு பிரச்சினை. மூன்றை ஒன்றாக எழுதினால் எளிதானதை மட்டும் முடித்துவிட்டு மனுவையே மூடிவிடுவார்கள். ‘எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது’ என்பது எஸ்டிமேட்டுக்கு உதவாது. எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, எத்தனை மீட்டர், மழை நின்று எத்தனை மணி நேரம் தேங்கியது, எத்தனை அங்குல ஆழம், வடிகாலுக்குள் மண் போகாமல் பிடிக்கும் வண்டல் வடிகட்டித் தொட்டி அடைத்திருக்கிறதா, வடிகால் எங்கே துண்டாக நிற்கிறது என்று எழுதுங்கள். டேப் வைத்து அளந்தால் அரைமணி நேர வேலை. தேதி தெரியும் இரண்டு படங்களையும் பழைய 1913 புகார் எண்களையும் சேருங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் மிஞ்சாது.

நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அந்தச் சமயத்தில் வடிகால் கேட்டால் தூர்வாரத்தான் முடியும். புது வடிகால் வேண்டுமென்றால் ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி-மார்ச்சில் பட்ஜெட் வருவதற்கு முன்பே கேட்கவேண்டும்.

சாலை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டால் ஒருமுறைக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தாலும் மூன்று முறையில் அரை அடி ஏறிவிடும். வீட்டு வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உள்ளே வரும். மில்லிங் செய்து சுரண்டிய பிறகே மறுதார் போடவேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறது. புதிதாகப் போடும் கனத்துக்குச் சமமாகச் சுரண்டுகிறார்களா என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை முன்பே அளந்து படமெடுத்து வையுங்கள். தார் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

கூட்டத்தின் பெரிய குறை அறிவிப்பு. தேதியும் இடமும் பல தெருக்களுக்கு எட்டுவதே இல்லை. வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால்தான் தெரியவருகிறது. நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கிற பகுதியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதைச் சபை என்று சொல்லவே மனம் வரவில்லை. இரண்டாவது குறை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது. ஒரு தெருவுக்கு ஒருவர் பேசினால் பொறியாளரும் குறிப்பெடுப்பார். கலைவதற்கு முன் ‘எங்கள் கோரிக்கை பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, படித்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பதிவேட்டில் ஏறாத கோரிக்கை கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போகாது.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடலாம், பதில் தர 30 நாள் கெடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். கூட்டப் பதிவேட்டின் நகல், மனுமீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு, எஸ்டிமேட் தயாராகியிருந்தால் அதன் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நகல்களோடு போனால் பேச்சு விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.