ஜொகூரில் பத்து ஆண்டு, சிங்கப்பூரில் நான்கு: வாழ்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்

நான் மலேசியன். 2010 முதல் 2020 வரை சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜொகூர் பாருவில், ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தேன். 2022இல் மனைவி, பிள்ளைகளோடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வாடகை வீவக வீட்டுக்கு (அரசு அடுக்குமாடி வீட்டுக்கு) மாறினோம். ‘ஜேபியிலிருந்தே (ஜொகூர் பாருவிலிருந்தே) போய்வரலாமா, சிங்கப்பூரிலேயே வீடு பார்க்கலாமா’ என்று உறவுக்காரப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் போடுவது வெள்ளிக் கணக்கு, அதாவது டாலர் கணக்கு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூரில் செலவழித்தால் மிச்சம். கணக்கு சரிதான். அந்த மிச்சத்தில்தான் இரட்டை மாடி வீடு வாங்கினேன். வாசலில் கறிவேப்பிலை, பின்னால் அம்மா நட்ட முருங்கை. அந்த வீட்டுத் தவணையைப்போல் பல மடங்கு வாடகை கொடுத்து இப்போது மூவறை வீட்டில் இருக்கிறோம். மூவறை என்பார்களே தவிர படுக்கையறை இரண்டுதான்.

ஆனால் தூக்கம் அந்தக் கணக்கில் வராது. நாலு மணிக்கு அலாரம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறந்த பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான். காலை ஐந்தரைக்கு மோட்டார்சைக்கிள் வரிசையில் நின்றால் அதைக் கடக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். மழை நாளில் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மழைக்கோட்டுக்குள் வைத்திருப்பேன். சோதனைச் சாவடியில் ஈர விரலைக் கருவி ஏற்காது. துடைத்து வைத்து, மறுபடி துடைத்து வைப்பதற்குள் பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கும்.

இன்னொன்று, 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. எனக்கோ ஞாயிறுதான் லீவு. நான் வீட்டில் இருக்கும் நாளில் மகள் பள்ளியில் இருப்பாள். அவளுடைய ஆரம்பப் பள்ளி நாட்களில் பாதி எனக்குத் தெரியாமலே போய்விட்டது. 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் எல்லை மூடியபோது சிங்கப்பூர்ப் பக்கம் மாட்டிக்கொண்டேன், கையில் மூன்று சட்டை. தனிமைப்படுத்தலுக்கே லீவு தீர்ந்துவிடும் என்பதால், 20 மாதம் பிள்ளைகளைப் போன் திரையில்தான் பார்த்தேன்.

இப்போது மாலை ஆறரைக்கு வீட்டில் இருக்கிறேன். மகனோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்கிறேன். எனக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் தோன்றவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஸ்கூடாயில் பழுப்பேறிய வடிகட்டியை மாற்றியே அலுத்துப்போனோம். மருத்துவச் செலவில் மட்டும் ஊர்தான் மேல். அங்கே அரசு கிளினிக்கில் அம்மா ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்துவிடுவார்.

தமிழ் விஷயத்தில் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, அறிவிப்புப் பலகையிலெல்லாம் இருக்கிறது. ஆனாலும் பள்ளியில் அது ஒரு பாடம்தான். மகள் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். வாய்ப்பாட்டைத் தமிழில்தான் மனப்பாடம் செய்தாள். மகன் தமிழில் வாசிக்கிறான், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறான். இதுதான் நாங்கள் இழந்தது. மகளைத் தினமும் அவனோடு தமிழில் பேசச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகாதவர்கள் ஜேபியிலிருந்தே போய்வந்து சேர்த்து வையுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகும் வயது வந்துவிட்டால், சின்ன வீடானாலும் வேலைக்குப் பக்கத்தில் வந்துவிடுங்கள் என்பேன். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு வரும் ஆர்டிஎஸ் ரயிலில் பயணம் ஐந்து நிமிடம்தானாம், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது ஓட ஆரம்பித்து, ஒரு வருடம் காலை நேரக் கூட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்கூடாய் வீட்டை என்ன செய்வதென்று முடிவெடுப்போம். அதுவரை அம்மா அங்கேதான் இருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் போய் முருங்கைக்கீரை பறித்து வருகிறோம்.