குவாரி கம்பெனியின் வாக்குறுதி: சொந்தக் கொள்கையா, வெளித் தணிக்கையா?

சித்தூர் மாவட்டம் குப்பம் பக்கத்தில் கிரானைட் குவாரி நடத்தும் ஒரு கம்பெனி வளர்கிறது என்று வையுங்கள். சுற்றுச்சூழலையும் மனித உரிமையையும் காப்பதாகச் சொல்ல அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சொந்தமாகக் கொள்கை எழுதுவது. தொழில் நிறுவனங்கள் மனித உரிமையை எப்படி மதிக்க வேண்டும் என்று 2011-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளைப் பலரும் அதில் மேற்கோள் காட்டுவார்கள். செலவு குறைவு, சீக்கிரம் முடியும். ஆனால் புகாரை விசாரிப்பதும் அதே கம்பெனிதான்.

இன்னொன்று, வெளித் தணிக்கை. உதாரணத்துக்கு, சுரங்கத் தொழிலுக்கான 'இர்மா' (IRMA) என்ற சர்வதேச அமைப்பு 2018-இல் தன் தரநிலையை வெளியிட்டது. அதன் நிர்வாகத்தில் கம்பெனிகளுக்கு உள்ள அதே ஓட்டு, தொழிற்சங்கத்துக்கும் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கும் உண்டு. தணிக்கை முடிவும் பொதுவில் வெளியாகும். செலவு அதிகம், நாளும் பிடிக்கும். சின்ன குவாரிக்குப் பெரிய சுமைதான்.

வித்தியாசம் குழிக்குள் இறங்கினால் தெரியும். தண்ணீர் விடாமல் டிரில் போட்டால் கல்தூசி புருவத்தில் வெள்ளையாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி நுரையீரலுக்குள் போய் சிலிகோசிஸ் என்ற நோயாகும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. "தொழிலாளர் நலனே முக்கியம்" என்று கொள்கையில் எழுதிவிடலாம். நல்ல தணிக்கையாளரோ டிரில் வரை தண்ணீர்க் குழாய் வருகிறதா, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்பார்.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். சரி, இப்போதைக்குப் பணமில்லை என்றால் கொள்கையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி குவாரி வாசலில் ஒட்டட்டும். புகார்க் குழுவில் ஊர்க்காரர் இருவரையாவது சேர்க்கட்டும்.