தம்பதியர், குடும்ப ஆலோசகராக: எல்எம்எஃப்டியா, எல்பிசிசியா?

கலிபோர்னியாவில் ஆலோசகராக வேலை பார்க்க எல்எம்எஃப்டி (திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமம்), எல்பிசிசி (தொழில்முறை மருத்துவ ஆலோசகர் உரிமம்) என்ற இந்த இரண்டு உரிமங்களுக்கு நடுவில்தான் குழப்பமே. முதுகலையில் இரண்டுக்கும் 60 செமஸ்டர் யூனிட், மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவம், அப்புறம் தேர்வுகள். இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் மணி நேரக் கணக்கில்தான் வருகிறது. எல்எம்எஃப்டி வழியில் படிக்கும்போதே செய்யும் பயிற்சியில் 1,300 மணி நேரம் வரை கணக்கில் சேரும், அதோடு குறைந்தது 500 மணி நேரம் தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகளோடு வேலை பார்த்தே ஆக வேண்டும். எல்பிசிசியில் பட்டம் வாங்கிய பிறகு செய்வது மட்டும்தான் எண்ணப்படும். தம்பதியரையோ குடும்பத்தையோ பார்க்க வேண்டுமென்றால் தனியாக 6 யூனிட் படிப்பு, அதே 500 மணி நேரம், அதற்குமேல் உரிமம் தரும் மாநில வாரியத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேறு.

சண்டையோடு வந்து உட்காரும் இரண்டு பேரை ஒரே அறையில் வைத்துப் பேச வைப்பது தனிநபர் ஆலோசனையிலிருந்து ரொம்பவே வேறுபட்ட திறமை, அதை முதல் நாளிலிருந்தே பழக வேண்டும் என்பதால் என் ஓட்டு எல்எம்எஃப்டிக்குத்தான். மன அழுத்தம், பதற்றம் என்று தனிநபர்களையே அதிகம் பார்க்க நினைப்பவருக்கு எல்பிசிசி சரி. முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2024 ஜனவரியிலிருந்து இரண்டு உரிமக்காரர்களுக்கும் பணம் தருகிறது.