நாராயண மூர்த்தி சுட்டிய இரண்டு நாடுகள்: ஜெர்மனி, ஜப்பான் வேலை நேரம் ஓர் ஒப்பீடு

இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்ன இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, அதற்குச் சான்றாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மானியர்களையும் ஜப்பானியர்களையும் காட்டினார். இடிபாடுகளிலிருந்து எழுந்த அந்தத் தலைமுறை கடுமையாக உழைத்தது உண்மைதான். ஆனால் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு அந்த நாடுகள் என்ன செய்தன என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

ஜெர்மானியத் தொழிற்சங்கங்கள் 1956 மே தினத்துக்கு ஒரு சுவரொட்டி ஒட்டின. அதில் ஒரு சிறுவன், "சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்" என்கிறான். பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, வளர்ச்சியில் ஒரு பங்கைக் கூலியாகவும் ஒரு பங்கை நேரமாகவும் கொடு என்று கேட்டார்கள். 1960-களில் ஐந்து நாள் வாரம் பரவியது. 1984-இல் உலோகத் தொழிலாளர்களும் அச்சகத் தொழிலாளர்களும் 35 மணி நேர வாரம் கேட்டு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேற்கு ஜெர்மனியின் உலோகத் துறையில் அது 1995-இல் முழுமையாகக் கைகூடியது.

ஜப்பானின் சட்டம் ஏட்டளவில் இதற்குச் சளைத்ததல்ல. 1947-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தரச் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது. ஓட்டை அதன் 36-ஆவது பிரிவில் இருந்தது. நிர்வாகமும் ஊழியர் தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் எட்டு மணி நேரத்தைத் தாண்டலாம். சிறப்பு விதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், 2019 வரை அதற்கு உண்மையான உச்சவரம்பே கிடையாது.

அதிக வேலையால் நேரும் மரணத்தை அங்கே கரோஷி என்கிறார்கள். மாதம் 80 மணி நேர மிகைநேர வேலை என்பதுதான் அந்த ஆபத்தின் எல்லை. மாதத்துக்கு இருபது வேலை நாள் என்று வைத்தால், தினமும் நான்கு மணி நேரம் கூடுதல். காலை 9 மணிக்கு உட்கார்ந்தவர், ஒரு மணி நேர இடைவேளையும் சேர்த்து, மாலை 6-க்கு எழ வேண்டும். இரவு 10-க்குத்தான் எழுகிறார், அதன் பிறகு ரயில். டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத 24 வயதுப் பெண் 2015 கிறிஸ்துமஸ் நாளில் தற்கொலை செய்துகொண்டபோது, அவர் ஒரே மாதத்தில் நூறு மணி நேரத்துக்கும் மேல் மிகைநேரம் பார்த்திருந்தது தெரியவந்தது. அந்த வழக்கில் நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். இதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. 2019-இல் வந்த சீர்திருத்தமும் நெருக்கடிக் காலத்தில் ஒரு மாதத்துக்கு நூறு மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே வரை விட்டுவைத்திருக்கிறது.

ஜெர்மனியில் ஒரு வேலை நாளுக்கும் அடுத்ததற்கும் இடையே 11 மணி நேர ஓய்வு பொதுவாகக் கட்டாயம். இரவு 10 மணிக்கு வேலை முடித்தவரை மறுநாள் காலை 9-க்கு முன் கூப்பிட முடியாது. ஜப்பானில் இத்தகைய இடைவெளிக்கு நிறுவனங்கள் முயற்சி செய்ய வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. விடுமுறையில் காய்ச்சல் வந்தால், மருத்துவச் சான்று காட்டி அந்த நாட்களைத் திரும்பப் பெறலாம் என்பதும் ஜெர்மானியச் சட்டம்தான்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பின் கணக்குப்படி 2023-இல் ஒரு தொழிலாளியின் ஆண்டுச் சராசரி ஜெர்மனியில் சுமார் 1,340 மணி, ஜப்பானில் சுமார் 1,610 மணி. (அமெரிக்கா 1,800, தென் கொரியா 1,870 அளவில்.) ஜெர்மனியின் எண்ணை அப்படியே கொண்டாட முடியாது. அங்கே வேலைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பகுதிநேரம். பிள்ளை வளர்ப்பின் சுமை அவர்கள் தலையில் விழுகிறது, ஓய்வூதியமும் அதனால் குறைகிறது. முழுநேர ஊழியர் வாரத்துக்கு 40 மணி நேரத்தை ஒட்டித்தான் உழைக்கிறார். ஜப்பானின் சராசரியையும் பகுதிநேர ஊழியர்கள்தான் கீழே இழுக்கிறார்கள். அங்கே முழுநேர ஊழியர் உழைப்பது அதைவிட அதிகம்.

குறைவாக உழைத்ததால் ஜெர்மனி ஏழையாகிவிடவில்லை. ஒரு மணி நேர உழைப்பில் விளையும் மதிப்பு அங்கே ஜப்பானைவிட வெகு அதிகம். 2023-இல் டாலர் மதிப்பில் மொத்த உற்பத்தியிலும் ஜப்பானை முந்தியது. அதில் யென் சரிவுக்குப் பெரும் பங்கு உண்டு என்றாலும், ஜெர்மனியின் மக்கள்தொகை ஜப்பானைவிட நான்கு கோடி குறைவு.

இப்போது இரண்டு நாடுகளிலும் வரம்பைத் தளர்த்தும் பேச்சு நடக்கிறது. ஜெர்மனியின் 2025 கூட்டணி ஒப்பந்தம் நாள் வரம்புக்குப் பதில் வார வரம்பைப் பேசுகிறது. ஜப்பானில் சனே தகாயிச்சி, ஆளும் கட்சியின் தலைவரானதும் வேலைக்கும் வாழ்க்கைக்குமான சமநிலை என்ற பேச்சையே தூக்கி எறிகிறேன் என்றார்; பிரதமரானதும் மிகைநேர வரம்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். எனக்கு ஜப்பானைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஜெர்மனியில் சங்கம் ஒரு துறை முழுவதற்கும் பேரம் பேசுகிறது. ஜப்பானில் சங்கம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குள் அடங்கியது. போட்டி நிறுவனம் இரவு 10 மணி வரை விளக்கெரிக்கும்போது, நம் நிறுவனம் 6-க்கு மூடட்டும் என்று கேட்க அதற்குத் தெம்பு போதாது.