கண்ணாடி மணியை இரண்டாக அறுக்க: கைக்கருவியா, ஈர ரம்பமா?

சுடரில் உருக்கிச் செய்த மணியைப் பிளந்து, உள்ளே சுருண்டிருக்கும் வண்ணத்தைக் காட்ட விரும்புபவர்கள் முதலில் தடுமாறுவது கருவியில்தான்.

விலை: வைரத் தகடு பொருத்திய சுழல் கைக்கருவி மலிவு. நகைக்கல் அறுக்கும் சிறிய ரம்பம் பல மடங்கு அதிகம்.

ஆழம்: கைக்கருவியின் தகடு பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் விட்டம்தான். பெரிய மணியைத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். வெட்டுகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய படி ஒன்று தங்கிவிடும். ரம்பம் ஒரே போக்கில் நேராக இறங்கும்.

தண்ணீர்: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உலர அறுத்தால் கண்ணாடி சூடேறி விரிசல் விடும், தூளும் மூச்சில் ஏறும். ரம்பத் தகடு தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே சுழலும். கைக்கருவிக்கு நாம்தான் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதனால் மின்கம்பி இல்லாத, பேட்டரியில் ஓடுவதையே வாங்குங்கள்.

சூளையில் மெதுவாக ஆறாத மணியை இரண்டுமே காப்பாற்றாது. என் நீல மணி ஒன்று பாதி வெட்டில் ‘டிக்’கென்று மூன்றாகப் பிளந்தது, இன்னும் வருத்தம்தான்.

எப்போதாவது ஓரிரு மணி என்றால் கைக்கருவி போதும். ஜோடித் தோட்டுக்கு இரு பாதியும் ஒத்திருக்க வேண்டுமானால் ரம்பம்தான்.