கொளத்தூரில் அமைத்த குள்ளப் பேத்தைத் தொட்டி

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடை ஒன்றில், பீ பஃபர் என்று விற்கப்படும் குள்ளப் பேத்தை என்ற குட்டி மீனுக்காக 40 லிட்டர் தொட்டியை அமைத்து வாங்கினேன். அந்தக் கடையின் பணியை மனமாரப் பாராட்டுகிறேன். இம்மீன் 3.5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால் சிறு குடுவையே போதும் எனப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இது தாங்காது; சிறு குடுவையில் அவை விரைவில் கூடிவிடும். ஆகவே, ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அவற்றை மாற்றி நன்மை செய்யும் பாக்டீரியா பெருகி, சோதனையில் அவ்விரண்டும் சுழியமாகும் வரை மீனைத் தர முடியாது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

ஆண் மீன்கள் எல்லைக்காக ஒன்றையொன்று துரத்திக் கடிக்கும் என்பதால், பார்வை மறையுமாறு வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஜாவா பாசியையும் அடர்த்தியாக வைத்துத் தந்தார்கள். செடியோடு வந்த சிறு நத்தையைக் கண்டால், பேத்தை கண்களைத் தனித்தனியே உருட்டியபடி அசையாமல் நின்று, ஓட்டிலிருந்து சதை வெளிவரும் கணத்தில் கொத்தி இழுக்கிறது, மணிக்கணக்கில் பார்க்கலாம்.

உணவு விஷயத்தில்தான் கடையின் ஆலோசனை போதவில்லை. அவர்கள் தந்த குருணைத் தீவனத்தை மீன்கள் சீண்டவே இல்லை. உறைந்த ரத்தப்புழுவையும் நத்தையையும்தான் தின்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய இம்மீன்களில் பெரும்பாலானவை அங்கிருந்து பிடித்து வரப்படுபவை. குடற்புழுவோடு வரக்கூடும் என்பதையும் வாங்குவோரிடம் சொல்ல வேண்டும். வயிறு ஒட்டியவற்றை ஒதுக்கி, உருண்ட வயிறோடு துடிப்பாக நீந்துபவற்றையே கேட்டு வாங்குங்கள்.