மிரிஸ்ஸவில் கொப்பராவுக்கு உயிர் இரை: படகு நல்லது, தொட்டிதான் மோசம்

கொப்பரா (மார்லின் மீன்) பிடிக்கப் போன வாடகைப் படகு சுத்தம், ஸ்கிப்பர் (படகோட்டி) கெட்டிக்காரர், ரீல்களை ஒழுங்காகப் பராமரித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் இரை மீனை உயிரோடு வைக்கிற தொட்டி படுமோசம். இந்த வகை மீன்பிடிக்கு அந்தத் தொட்டிதான் உயிர்நாடி, அதனால் 5க்கு 3. பெயர் போட விருப்பமில்லை, ஏனென்றால் உரிமையாளர் நல்ல மனுசன், சொன்னால் கேட்டுக்கொள்கிறார்.

போனது பண்டாரவளையிலிருந்து நாங்கள் நாலு பேர். எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாக இறங்கினால் அம்பாந்தோட்டை, அங்கிருந்து மாத்தறை வரைக்கும் அதிவேக வீதி. சந்தையில் தலபத்தையும் (மயில் மீன்) கொப்பராவையும் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்த நமக்கு, முழு மீனை அதுவும் உயிரோடு பார்க்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். தென்கரையில் கண்டமேடை ஒடுக்கம், கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடுகிறது, திமிங்கிலம் பார்க்க எல்லோரும் மிரிஸ்ஸவுக்கு ஓடுவதும் அதனால்தான்.

வாடகைப் படகில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், போலி இரைகளைப் பின்னால் கட்டி 7, 8 நொட் வேகத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள், மீன் கடிக்கும் வரை நாம் கதிரையில் உட்கார்ந்து கதை அடிக்கலாம். நாங்கள் காசு கட்டியது அதற்கில்லை. மீனைக் கண்ணால் கண்டு, அதன் முன்னால் கும்பளா என்ற சின்ன மீனை உயிரோடு இரையாக வீசுவதற்கு. மெக்சிக்கோவின் மக்டலேனா வளைகுடாவில் வருடக் கடைசியில் வரிக் கொப்பராக்கள் மத்திக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கவனிக்க: இங்கே அப்படிக் கூட்டமாக எதிர்பார்க்காதீர்கள். மணிக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வால் நுனி ஒன்று, முதுகுச் செட்டை நுனி ஒன்று, இரண்டு கறுப்புக் குச்சிகள் அலையோடு போவது மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்கிப்பர் அதை எப்படியோ எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார். நேராக அதன் மேல் ஓட்டவில்லை, தூரமாக வளைந்து போய் அது வரும் வழிக்கு முன்னால் நிறுத்தினார். இந்த வேலைக்கு மட்டும் கேட்டால் 5க்கு 5 கொடுப்பேன். என் மச்சான் வீசியதும் நன்றாகவே விழுந்தது, தலைக்கு மேல் இல்லாமல் சில மீட்டர் முன்னால். கொப்பரா திரும்பியது, பக்கச் செட்டை ஓரங்கள் பளிச்சென்று நீலமாக மாறின, பசி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து எங்கள் கும்பளா வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கிறது! கொப்பரா ஒரு சுற்றுச் சுற்றி விட்டு இறங்கிப் போய்விட்டது.

காரணம் தொட்டிதான். சதுரப் பெட்டி, மூலைகளில் மூக்கை இடித்து இடித்துப் பாதிக் கும்பளாவுக்கு மூக்கு சிவந்திருந்தது. கும்பளா நிற்காமல் நீந்தும் மீன், அதற்கு மூலையில்லாத வட்டத் தொட்டியும் விடாமல் ஓடும் கடல் தண்ணீரும் வேண்டும். இங்கே எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடுகிறது, போதாக்குறைக்கு அளவுக்கு மேல் அடைத்திருந்தார்கள். காய்ந்த கையால் பிடித்ததில் செதிலும் வழவழப்பும் போயின. அடுத்த முறை போகிறவர்கள் துறைமுகத்திலேயே தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நீந்தினால் ஏறுங்கள், தாறுமாறாக முட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே பேசிவிடுங்கள்.

பிறகு தலபத் ஒன்று கிடைத்தது, அதுவும் உதவியாளர் தம்பி தொட்டியில் தேடித் தேடி நல்ல கும்பளாவாக எடுத்துக் கொடுத்ததால். மேல் உதட்டில்தான் கொளுவினார், வீசுவதற்கு அதுதான் வசதி. கொக்கி, முனை உள்ளே வளைந்த வட்டக் கொக்கி. இதில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிற நம்ம ஆட்களுக்கு ஒரு சிக்கல், கடித்ததும் கை தானாகச் சுண்டும். தம்பி “அதின்ன எப்பா, எப்பா!” (சிங்களத்தில், இழுக்க வேண்டாம்) என்று கத்திக்கொண்டே இருந்தார். மீன் இரையோடு ஓட விட்டு, சில விநாடி கழித்து ரீலில் நூலை இறுக்கும் டிராக் நெம்புகோலை மெதுவாக முன்னால் தள்ளிச் சுற்றினால் போதும், கொக்கி தானாக வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். ஏறியது. படகோரத்தில் கொக்கியைக் கழற்றி, கொஞ்சநேரம் தண்ணீரிலேயே பிடித்து இழுத்து விட்டு அனுப்பினார்கள், மேலே தூக்கிப் படம் எடுக்க விடவில்லை. அதில் எனக்குச் சந்தோசம்தான், மச்சானுக்குத்தான் கோபம்.

சாப்பாடு சுமார், நாங்கள் கொண்டுபோன ரொட்டியும் கட்டைச் சம்பலும் இல்லாவிட்டால் கஷ்டம். எல்ல வளைவுகளில் அசையாத வயிறு கடலில் அசையும், இரவே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியைப் பற்றி உரிமையாளரிடம் சொன்னோம், வட்டத் தொட்டியும் தனி பம்பும் போடுவதாகச் சொல்கிறார். போட்ட பிறகு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதைப் பார்க்காமல் முன்பணம் கட்ட மாட்டேன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் தென்கடல் அடங்கியிருக்கும், மே மாதத்துக்கு அப்புறம் யாராவது மிரிஸ்ஸவுக்குக் கூப்பிட்டால் திருகோணமலைப் பக்கம் விசாரியுங்கள்.